பல்கலைக்கழக மொழி வகுப்பில் தொழில்நுட்பமும் கூட்டு முயற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகங்களில் மொழி கற்பிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மொழியைக் கற்பிப்பவருக்கும் இவை பொருந்தும். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும், தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் வகுப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். எனக்குக் கைவந்தது அதுதான்.

எங்கிருந்து தொடங்குவது? எந்த மென்பொருளை வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 30 பேர், பாடவேளை 50 நிமிடம். அதில் பாதி நேரம் நீங்கள் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். மீதி 25 நிமிடத்தைப் பங்கு போட்டால் தலைக்கு 50 விநாடி வரும். வாரத்துக்கு நான்கு வகுப்பு என்றாலும் மூன்று நிமிடம் இருபது விநாடிதான். இவ்வளவு பேசி யாருக்கும் ஒரு மொழி நாக்கில் ஏறாது. நடைமுறையில் அதுகூடக் கிடைப்பதில்லை; கூச்சமில்லாத நான்கைந்து பேர் மற்றவர்களின் பங்கையும் சேர்த்துப் பேசிவிடுவார்கள்.

இனி யார் எந்தக் கருவியை விற்க வந்தாலும் ஒரு கேள்வி போதும்: இதனால் அந்த 50 விநாடி எவ்வளவு ஆகும்? பதில் வராவிட்டால் அது விலை கூடிய கரும்பலகை, அவ்வளவுதான். பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது. பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மூடுல் போன்ற ஒரு கற்றல் தளம், கைபேசியில் குரல் பதிவு, பலரும் சேர்ந்து எழுதக்கூடிய ஓர் ஆவணம் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் அநேக வேலைகளைச் செய்துவிடலாம்.

மொழி ஆய்வகம் என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று?

நல்ல கேள்வி. புதுக் கருவி வாங்கும் ஒவ்வொரு துறையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிய மறு ஆண்டு, 1958-இல், அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் ஒதுக்கிய பணத்தில் நாடெங்கும் மொழி ஆய்வகங்கள் முளைத்தன: வரிசை வரிசையாகத் தடுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒலிநாடாப் பெட்டி, காதில் ஹெட்போன். மாணவர் வாக்கியத்தைக் கேட்பார், திருப்பிச் சொல்வார், ஒரு சொல்லை மாற்றி மறுபடி சொல்வார். பேசும் நேரம் கூடியது உண்மைதான். ஆனால் யாரிடம் பேசினார்கள்? சுவரிடம். சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், ‘என்ன சொல்றீங்க?’ என்று திருப்பிக் கேட்கவும் எதிரில் ஆள் இல்லை. பழுதான பெட்டிகளைச் சரிசெய்யவும் ஆள் இல்லாமல் போக, அறைகள் பூட்டப்பட்டன.

கணினியும் நேற்று வந்ததல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பில் பின்னாளில் ரஷ்யன், பிரெஞ்சு உள்ளிட்ட பல மொழிப் பாடங்கள் ஓடின. பயிற்சி கொடுத்து, விடையைத் திருத்தும் வேலையில் கணினி அப்போதே கெட்டிக்காரன்தான். ஆளோடு ஆளைப் பரவலாகப் பேசவைப்பதுதான் பிறகு வந்த இணையம் கொடுத்த புது வசதி.

இலக்கணத்தைக் காணொளியாகக் கொடுத்து வீட்டில் பார்த்து வரச் சொன்னேன். பாதிப்பேர் பார்க்காமலே வருகிறார்கள். என்ன செய்ய?

பார்க்காதவர்களுக்காக வகுப்பில் அதையே மறுபடி நடத்தாதீர்கள். ஒருமுறை நடத்தினால் போதும், அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்தவரும் பார்க்கமாட்டார். காணொளி ஆறேழு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். அதைப் பார்த்தவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் இணைகளாகச் செய்யவிடுங்கள். பார்க்காமல் வந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். அதுவும் பேச்சுப் பயிற்சிதானே!

பேச்சைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னால் 40 பேருடைய பதிவையும் யார் உட்கார்ந்து கேட்பது?

இங்கேதான் பல ஆசிரியர்கள் கைவிடுகிறார்கள். தலைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் கேட்க மட்டுமே 80 நிமிடம். குறிப்பு எழுதினால் மூன்று மணி நேரம் போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் கேட்பது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். எல்லோரும் வாராவாரம் அனுப்பட்டும். நீங்கள் வாரம் பத்துப் பேருடையதைக் கேளுங்கள். யாருடைய முறை என்பதை முன்கூட்டிச் சொல்லவேண்டாம். மற்றவர்களுடையதை வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டு, தன் குரலிலேயே ஒரு கேள்வி கேட்டு அனுப்பவேண்டும். ‘நல்லா இருந்தது’ என்பது கணக்கில் வராது, கேள்விதான் வேண்டும். அதற்குப் பதில் சொல்ல முதலாமவர் இன்னொரு பதிவு அனுப்புவார். உங்கள் கை படாமலே ஓர் உரையாடல் உருவாகிவிடும்.

நீங்கள் கேட்கும் பத்திலும் எல்லாப் பிழையையும் தொடாதீர்கள். ஒரு மாணவி தன் அன்றாடத்தைச் சொல்லும்போது ‘பல்கலைக்கழகத்துக்குப் போற வலி ரொம்ப தூரம்’ என்றாள். அதே பதிவில் வேற்றுமை உருபு ஒன்று விட்டுப்போயிருந்தது, ‘அவங்க வந்தான்’ என்று திணறியும் இருந்தாள். மூன்றையும் எழுதி அனுப்பினால் மூன்றுமே மனதில் நிற்காது. நான் பதிலாக ஒரே ஒரு கேள்வியைப் பதிவுசெய்து அனுப்பினேன்: ‘எங்கே வலிக்குது, காலிலா?’ அடுத்த பதிவில் அவள் சிரித்துக்கொண்டே ‘வழி, வழி, வழி’ என்று மூன்றுமுறை சொல்லியிருந்தாள். நாக்கு இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஆனால் எதை மடக்கவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு வழியில் படிக்கும் பள்ளி வகுப்புகளில் ஆசிரியர்கள் பிழையை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தானே சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த முறைக்குத்தான் மாணவரிடமிருந்து மிகக் குறைந்த எதிர்வினை வந்தது. மாணவரையே தேடவைக்கும் கேள்விகளும் குறிப்புகளும்தான் அவர்கள் வாயிலிருந்து திருத்தத்தை வரவழைத்தன. பள்ளியில் கண்டது பல்கலைக்கழகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். என் வகுப்பில் பொருந்தியது.

பேச்சை எழுத்தாக மாற்றும் செயலியை வைத்து உச்சரிப்பைச் சோதிக்கலாமா?

ஓரளவுக்கு. அந்தச் செயலிகள் ஒலியை மட்டும் பார்ப்பதில்லை. முன்பின் சொற்களைப் பார்த்து, எது வர வாய்ப்பு அதிகம் என்றும் ஊகிக்கின்றன. ஆகவே மாணவர் ‘வலி’ என்றே சொல்லியிருந்தாலும் வாக்கியத்தின் போக்கைப் பார்த்துத் திரையில் ‘வழி’ என்று அழகாக எழுதிவிடக்கூடும். மாணவர் ஏமாந்துபோவார். தனிச் சொற்களைக் கொடுத்துச் சோதித்தால் ஊகத்துக்கு இடம் குறையும். ஒலியின் வடிவத்தையே கண்ணால் பார்க்கவேண்டும் என்றால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாட்டைக் காட்ட அது அருமையானது: ‘பல்’லையும் ‘பால்’ஐயும் பதிவுசெய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எவ்வளவு நீட்டவேண்டும் என்பதை மாணவரே அளந்துகொள்வார்.

வேறொரு நாட்டுப் பல்கலைக்கழக வகுப்போடு எங்கள் வகுப்பை இணைக்க ஆசை. எப்படிச் செய்வது?

மூன்று வழிகள் நன்றாகத் தேறியிருக்கின்றன.

பழையது, டான்டெம் எனப்படும் இணைக் கற்றல். உங்கள் மாணவர் அவர்களுடைய மொழியைப் படிக்கிறார், அங்கிருப்பவர் உங்கள் மொழியைப் படிக்கிறார். இருவரும் சேர்ந்து பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றது. 1990-களில் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து இதை மின்னஞ்சல் வழியாகவே பெரிய அளவில் நடத்தினார்கள். கொடுத்து வாங்குவது, தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்பது என்ற இரண்டும்தான் விதிகள். அந்தப் பாதிக்குப் பாதி விதியை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். தளர்த்தினால் இருவரில் யாருக்குக் கூச்சம் குறைவோ அவருடைய மொழியிலேயே பேச்சு ஓடிவிடும். கைபேசியில் பதினைந்து நிமிட அலாரம் வைத்து, அடித்ததும் மொழியை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1997-இல் பிரெஞ்சு ஆசிரியர்கள் தொடங்கிய கல்ச்சுரா என்ற திட்டம். அமெரிக்க மாணவரும் பிரான்ஸ் மாணவரும் ஒரே கேள்வித்தாளுக்குத் தங்கள் தங்கள் தாய்மொழியில் பதில் எழுதுவார்கள். பிறகு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். ‘இண்டிவிஜுவலிசம்’ (தனிமனிதவாதம்) என்ற சொல்லைக் கேட்டதும் அமெரிக்க மாணவர்களுக்குச் சுதந்திரம் போன்ற சொற்கள் தோன்றின. அதே சொல்லின் பிரெஞ்சு வடிவத்துக்குப் பிரான்ஸ் மாணவர்கள் சுயநலம் என்று எழுதினார்கள். அகராதி இரண்டும் ஒன்று என்கிறது, ஆட்களோ ஒன்றில்லை என்கிறார்கள். அங்கிருந்து விவாதம் தானாகப் பிறக்கும். ‘மொழி படிக்க வந்தவர்களைத் தாய்மொழியில் எழுதவிடுவதா?’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எழுதுபவர் நினைத்ததை முழுதாகச் சொல்லமுடிகிறது, படிப்பவருக்குத் தன் வயதுக்காரர் இயல்பாக எழுதிய உண்மையான உரை கிடைக்கிறது. எனக்கு இந்த மூன்றில் மிகப் பிடித்தது இதுதான்.

மூன்றாவது, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் தனி மையம் அமைத்து வளர்த்த காயில் (COIL) எனப்படும் முறை. இரு நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடப்பகுதியைத் திட்டமிட்டு, இரு வகுப்பு மாணவரும் கலந்த குழுக்களுக்கு ஒரு பணியைக் கொடுப்பார்கள். எல்லாத் துறைக்கும் உரியது, மொழி வகுப்புக்கும் பொருந்தும். முதல் முறையே இதில் இறங்கவேண்டாம் என்பேன். ஆசிரியர்களின் திட்டமிடலே ஒரு பருவத்தை விழுங்கிவிடும்.

நேர வித்தியாசம்? அவர்களுக்கும் எங்களுக்கும் பருவமே ஒத்துவரவில்லையே.

ஒத்துவராது. இரண்டு நாட்காட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தேர்வும் விடுமுறையும் போக ஆறு வாரம் பொதுவாகத் தேறும். அந்த ஆறு வாரத்துக்கே திட்டமிடுங்கள். முதல் வாரம் அறிமுகம், கடைசி வாரம் முடிப்பு, நடுவில் நான்கு. திரையில் நேருக்கு நேர் பேசுவது இரண்டு மூன்று தடவை போதும். மற்றதெல்லாம் குரல் பதிவும் எழுத்துமாக, அவரவர் விழித்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும். பதிவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தடுமாறும் மாணவர் அழித்து அழித்து நான்குமுறை பேசிவிட்டு ஐந்தாவதை அனுப்புவார். நமக்கு ஒன்றுதான் வந்து சேரும், அவர் பேசியதோ ஐந்து.

இணைத்துவிட்டோம். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை என்று மாணவர்கள் முறையிடுகிறார்கள்.

அடிக்கடி நடப்பது. பெரும்பாலும் மாணவர் மேல் தவறில்லை. ஒரு பக்கம் இந்த வேலைக்கு மதிப்பெண் உண்டு, மறுபக்கம் இல்லை. அங்கே தேர்வு வந்துவிட்டது. இப்படி ஏதாவது இருக்கும். ஒருமுறை எனக்கே நடந்தது. எங்கள் மாணவர்களுக்கு இது மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. எதிர்ப்பக்க மாணவர்களுக்கு விரும்பினால் செய்யலாம் என்ற வேலை என்பது மூன்றாவது வாரம்தான் தெரியவந்தது. இரண்டு ஆசிரியர்களும் நட்பாகக் கடிதம் எழுதிக்கொண்டோமே ஒழிய, இதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எப்போதும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறோம்: எத்தனை வாரம், யாருக்கு எவ்வளவு மதிப்பெண், எத்தனை நாளுக்குள் பதில், எந்தத் தளம். இருவர் இருவராகச் சேர்க்காமல், பக்கத்துக்கு இருவர் என நால்வர் குழு அமைத்தால் ஒருவர் காணாமல் போனாலும் வண்டி ஓடும். இன்னொன்று: இரு நாட்டு இளைஞர்களைச் சந்திக்கவைத்துவிட்டாலே புரிந்துணர்வு மலர்ந்துவிடும் என்று நம்பவேண்டாம். இருந்த தப்பெண்ணம் இறுகிப்போவதும் உண்டு. உரையாடலுக்கு அடுத்த வகுப்பில் அதைப் பற்றிப் பேச அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ‘அவர் ஏன் அப்படிக் கேட்டார்?’ என்று மாணவர்கள் குழம்பும் இடம்தான் பாடம்.

குழுவாக ஒரே ஆவணத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் எழுதுகிறார், மூவர் பார்க்கிறார்கள்.

ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தால் யார் எப்போது எதைத் தொட்டார் என்று தெரியும். அதைக் காட்டி மிரட்டத் தேவையில்லை. நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்தாலே போதும். இன்னும் நல்ல வழி, வேலையைப் பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. ‘ஆளுக்கு ஒரு பத்தி’ என்றால் நான்கு தனித்தனிக் கட்டுரைகள் வரும். முதல் வரைவை ஒருவர் பேச்சு நடையில் எழுதட்டும், இரண்டாமவர் அதை எழுத்து நடைக்கு மாற்றட்டும், மூன்றாமவர் எங்கே புரியவில்லை என்று ஓரத்தில் கேள்வி கேட்கட்டும், நான்காமவர் பதில் சொல்லித் திருத்தட்டும். அடுத்த முறை பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

செயற்கை நுண்ணறிவே கட்டுரை எழுதித் தந்துவிடுகிறது. இனி எழுத்துப் பணி கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. முதலில், கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றவாளியாக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டறிவான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை ‘இயந்திரம் எழுதியது’ என்று தவறாகச் சொல்லின. காரணம் எளிது: எளிய சொற்களும் ஊகிக்கக்கூடிய வாக்கியங்களும் இருந்தால் அவை இயந்திரத்தைச் சந்தேகிக்கும். மொழி பழகுபவர் எழுதுவது அப்படித்தானே இருக்கும்? நம் மாணவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? எழுதி முடித்த தாளுக்கு மட்டும் மதிப்பெண் தருவதை விட்டுவிடுங்கள். முதல் வரைவை வகுப்பிலேயே, கையால் எழுதவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அதை எந்தக் கருவியின் துணையோடும் திருத்தட்டும். திருத்திய பிரதியோடு ஒரு நிமிடக் குரல் பதிவு வரவேண்டும்: எந்த மூன்று மாற்றங்களை ஏற்றேன், எந்த ஒன்றை ஏற்கவில்லை, ஏன். அந்த ‘ஏற்கவில்லை’யில்தான் மாணவர் கற்றது வெளிப்படும். என் மாணவர் ஒருவர், ‘அம்மா திட்டினாங்க’ என்று தான் எழுதியதைக் கருவி ‘அன்னை கடிந்துகொண்டார்’ என்று மாற்றியதாகவும், ‘எங்க அம்மா கடிஞ்சுக்க மாட்டாங்க, திட்டத்தான் செய்வாங்க’ என்று தான் மறுத்துவிட்டதாகவும் பதிவுசெய்திருந்தார். பேச்சு நடைக்கும் எழுத்து நடைக்கும் உள்ள தூரத்தை நான் மூன்று வகுப்பில் சொல்லியிருந்தாலும் அவருக்கு இவ்வளவு பதிந்திருக்காது.

மொழிபெயர்ப்புச் செயலிகளைத் தடைசெய்யலாமா?

செய்து பார்த்தவர்கள் யாரும் வென்றதாகத் தெரியவில்லை. அவை சறுக்கும் இடத்தைப் பாடமாக்குங்கள். ‘நாங்கள் போகிறோம்’, ‘நாம் போகிறோம்’ இரண்டையும் ஆங்கிலத்துக்கு அனுப்பித் திருப்பித் தமிழுக்கு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பவரும் கூட வருகிறாரா இல்லையா என்ற செய்தி போகும் வழியிலேயே தொலைந்துவிடும். பத்து நிமிட வேலை.

சொற்களை எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது என்று காட்ட ஏதாவது இருக்கிறதா?

கார்ப்பஸ் எனப்படும் மொழித் தரவகம். ஒரு சொல் வந்த வரிகளையெல்லாம் அடுக்கி, அந்தச் சொல் நடுவில் நிற்கும்படி காட்டும். 1990-களின் தொடக்கத்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ், மாணவரே அந்த வரிகளைப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்கட்டும் என்ற முறையைப் பரப்பினார். பெரிய தரவகம் இல்லாத மொழிக்கு ஆசிரியரே பத்திரிகைக் கட்டுரைகளைச் சேர்த்து, ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருளில் ஏற்றலாம். ‘மழை’ என்று தேடினால் பெய்தது, கொட்டியது, தூறியது, விட்டது என்று வரிசையாக வந்து நிற்கும். ‘மழை நின்றது’, ‘மழை விட்டது’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மாணவர் கேட்டார். உடனே பதில் சொல்லமுடியாமல் நானும் வரிகளைப் பார்த்தேன். தொடக்கநிலை மாணவருக்கு மட்டும் இது வேண்டாம். இருபது வரியில் பதினைந்து புரியாவிட்டால் அலுத்துவிடும்.

சொற்களை மனதில் நிறுத்த, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் காட்டும் அட்டைச் செயலிகள் உதவுமா?

உதவும். இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் நினைவில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். ஆங்கி போன்ற செயலிகள் அந்த இடைவெளியைக் கணக்குப்போட்டுத் தருகின்றன. ஆனால் அட்டைகளை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். மாணவரே, தான் கேட்ட வாக்கியத்தோடு சொல்லை எழுதிக்கொள்ளவேண்டும்.

ஆசிரியர்கள் சேர்ந்து வேலை செய்வது பேச்சில் நன்றாக இருக்கிறது. நடப்பதில்லையே?

ஒவ்வொரு துறையிலும் அதே இறந்தகாலப் பயிற்சித்தாளை ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகத் தயாரித்துக்கொண்டிருப்பார். பகிராததற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை, பெரும்பாலும் கூச்சம்தான்: ‘இன்னும் சரியா முடிக்கல.’ ஆகவே முடித்த பாடங்களைக் கேட்காதீர்கள், முடியாததைக் கேளுங்கள். பொதுவான ஒரு கோப்புறை; கோப்பின் பெயரில் நிலை, தலைப்பு, திறன் மூன்றும் இருக்கட்டும். ‘புதியது-கடைசி-2’ என்ற பெயரில் வரும் கோப்பை யாரும் திறக்கமாட்டார்கள். பயன்படுத்தியவர் கீழே இரண்டு வரி எழுதவேண்டும்: எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே சிக்கியது. அந்த இரண்டு வரிதான் பயிற்சித்தாளைவிட மதிப்புள்ளது.

நிலையைக் குறிக்க, ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகள் கைகொடுக்கும். ‘இரண்டாம் பருவம்’ என்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு பொருள். ‘ஏ2’ என்றால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்று. வெளியே பகிர்வதானால், மற்றவர் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். அடுத்தவரின் படமோ பாடலோ உள்ளே இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பகிருங்கள்.

சிறிய மொழிகளுக்குக் கூட்டு முயற்சி வெறும் வசதி அல்ல, உயிர்ப் பிரச்சினை. மூன்று மாணவர் சேர்ந்தால் எந்தப் பல்கலைக்கழகமும் வகுப்பை நடத்தாது. மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்று மூன்று பேரைச் சேர்த்தால் ஒன்பது பேர், நல்ல வகுப்பு. கொலம்பியா, கார்னெல், யேல் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் பல ஆண்டுகளாகக் குறைவாகக் கற்பிக்கப்படும் மொழிகளைக் காணொளி இணைப்பில் பகிர்ந்துகொள்கின்றன: ஆசிரியர் ஓரிடத்தில், மாணவர் மூன்றிடங்களில். ஆசிரியரோடு ஒரே அறையில் இருக்கும் மாணவர்களுக்கே கவனம் போய்விடும் என்பதுதான் இதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம். திரையில் இருப்பவரிடம் முதல் கேள்வியைக் கேட்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

இணைய வேகம் குறைந்த மாணவர்கள் பின்தங்கிவிடமாட்டார்களா?

காணொளியைக் கட்டாயமாக்கினால் பின்தங்குவார்கள். நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும், பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். தவிர, கேமராவை மூடிவைத்துப் பேசினால் சிலருக்கு நாக்கு இன்னும் தாராளமாக வருகிறது.

மாணவர் குரலைச் சேமித்துவைப்பதில் சிக்கல் உண்டா?

உண்டு. எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பருவம் முடிந்து எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லுங்கள், சொன்னபடி அழியுங்கள். மறுப்பவருக்கு மாற்று வேலை தயாராக இருக்கவேண்டும். வெளிச் செயலி எதிலாவது கணக்குத் தொடங்கச் சொல்லும்முன், அந்தக் குரல் எங்கே போகிறது என்று கணினிப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் எனக்கு வேலை குறையுமா?

முதல் ஆண்டு கூடும். இரண்டாம் ஆண்டு பழைய அளவுக்கு வரும். அதன்பிறகும் குறையாவிட்டால் எதையோ தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதைக் கோப்புறையில் போட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வாரமே எல்லோருக்கும் ஒரே படத்தைக் கொடுத்து, தயாரிப்பு இல்லாமல் இரண்டு நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். கடைசி வாரம் அதே படம், அதே இரண்டு நிமிடம். இரண்டையும் மாணவரிடமே கொடுத்து, எத்தனை சொல் பேசினேன், எத்தனை இடத்தில் நின்றேன் என்று எண்ணவிடுங்கள். முதல் பதிவைக் கேட்கும்போது அநேகமாக எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பிறகு உங்கள் வகுப்பு ஒன்றையும் பதிவுசெய்து, அந்த 50 விநாடி இப்போது எவ்வளவு என்று நீங்களும் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது நான் பேசியது நினைத்ததைவிட அதிகமாக இருந்தது.